அந்தியும் மஃரிபும்: இஸ்தான்பூலைத் தீட்டிய தூரிகைகள்

நகரம் ஒன்றின் தோற்றத்தை அந்தி ஒளியில் தைல வண்ணத்தில் தீட்டுவது ஓவியக் கலையின் கடினமான பணிகளுள் ஒன்று. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றுப் பட்டு மெல்ல மெல்ல இறுகும் தன்மையது. அதன் மேற்பரப்பு காய்வதற்கே நாள்கள் செல்லும். அந்தி ஒளியோ நிமிடங்களில் மாறிவிடுகிறது. மஞ்சள் பொன்னாகிறது, பொன் செம்மையாகிறது, செம்மை சாம்பல் படர்ந்து மறைகிறது. இவற்றுள் எந்த நிறமும் தூரிகைக்காகக் காத்திருப்பதில்லை. மெதுவான ஊடகத்தைக் கொண்டு விரைவான நேரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதே இங்கு ஓவியன் எதிர்கொள்ளும் முரண்.

இம்முரணைக் கடக்க ஓவியர்கள் மூன்று வழிகளைக் கையாண்டிருக்கின்றனர். கண்டதை நெஞ்சில் பதித்துக்கொண்டு ஓவியக் கூடத்தில் நினைவிலிருந்து தீட்டுவது ஒன்று. வெட்டவெளியில் நின்று, ஈரத்தின் மேல் ஈரமாக, ஒரே அமர்வில் விரைந்து முடிப்பது மற்றொன்று. 1841-இல் தகரக் குழாயில் அடைத்த வண்ணம் வந்த பின்னரே இவ்வழி எளிதாயிற்று. நாள்தோறும் அதே வேளையில் அதே இடத்துக்குத் திரும்பி வந்து, சிறிது சிறிதாகத் தீட்டுவது மூன்றாவது. வழி எதுவாயினும், ஓவியன் நிறுத்தி வைப்பது ஒரு நிறத்தை மட்டுமன்று, ஒரு நேரத்தையும் ஆகும். அந்த நேரத்துக்கு அவன் என்ன பொருள் கொள்கிறான்? பார்க்கும் நாம் என்ன பொருள் கொள்கிறோம்? முஸ்லிம் நகரம் ஒன்றின் அந்தியைக் காட்டும் ஓவியத்தின் முன் நிற்கும்போது இக்கேள்விகள் கலையின் எல்லையைக் கடந்து வரலாற்றுக்கும் மார்க்கத்துக்கும் உரியனவாகின்றன. இஸ்தான்பூலைத் தீட்டிய தூரிகைகளைக் கொண்டு இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிழல் இல்லாத நகரம்

உதுமானியக் கலைக்கு நகரத் தோற்றம் புதியதன்று. சுல்தான் சுலைமானின் 1533–1536 இராக் படையெடுப்பில் உடன் சென்ற மத்ராக்சி நஸூஹ், தாம் கண்ட ஊர்களை எல்லாம் சிற்றோவியங்களாகத் தீட்டி ஒரு சுவடி இயற்றினார். 1537-ஆம் ஆண்டைச் சார்ந்த அச்சுவடி இன்று இஸ்தான்பூல் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளது. இஸ்தான்பூல், தப்ரீஸ், பக்தாத் ஆகிய நகரங்கள் அதில் மதிலும் கோட்டையும் பள்ளிவாசலும் தோட்டமுமாக விரிகின்றன. ஆனால் தெருக்களில் மனிதர் இல்லை. அதைவிட நம் கவனத்துக்குரியது, அங்கு நிழலும் இல்லை என்பது. நிழல் இல்லாத இடத்தில் காலையும் இல்லை, மாலையும் இல்லை. அது நேரம் கடந்த நகரம். இங்கு ஓவியன் அந்நகரத்தின் கட்டமைப்பை அறிந்தவனாகப் பேசுகிறான். ஒரு குறிப்பிட்ட வேளையில் அதனைக் கண்டவனாகப் பேசவில்லை.

உயிரினங்களை உருவமாக வரைதல் குறித்த மார்க்கச் சட்ட விவாதம் நெடியது. அதனை இங்கு முழுவதும் எடுத்துரைக்க இயலாது. எனினும் ஒரு செய்தி நம் பொருளோடு நேரே தொடர்புடையது. உருவங்கள் வரைந்து பிழைத்துவந்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து தம் தொழிலைப் பற்றிக் கேட்டார். நபி (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை எடுத்துரைத்த இப்னு அப்பாஸ் (ரலி), அம்மனிதர் கலங்கியதைக் கண்டு, வரைந்தே ஆக வேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் வரையுமாறு வழிகாட்டினார்கள் என்பது ஸஹீஹுல் புகாரீயில், வணிகம் பற்றிய பகுதியில் இடம்பெற்றுள்ளது. தொழில் செய்து உண்ணும் ஒரு மனிதரின் முகவாட்டத்தைக் கண்டு காட்டப்பட்ட வழி இது. மரமும் மலையும் கடலும் நகரமும் தூரிகைக்குத் திறந்தே இருந்தன என்பதை நம் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று.

நேரம் என்பது உதுமானிய ஓவியத்துள் நுழைந்தது தைல வண்ணத்தோடுதான். அதுவும் அரண்மனை வழியாக மட்டும் வரவில்லை; படைப்பள்ளிகள் வழியாகவும் வந்தது. 1795-இல் தோன்றிய தரைப்படைப் பொறியியல் பள்ளியிலும், 1834-இல் தொடங்கிய ஹர்பிய்யா எனும் படைக் கல்லூரியிலும் நிலத்தை அளந்து வரையும் பொருட்டு ஓவியமும் தொலைவுக் காட்சி இலக்கணமும் கற்பிக்கப்பட்டன. பீரங்கியின் இலக்கைக் கணிக்கக் கற்ற கண்கள், மெல்ல மெல்லக் கூரைகளின்மேல் விழும் வெயிலையும் கணிக்கக் கற்றன. உஸ்மான் ஹம்தி பே அவர்களின் பொறுப்பில் 1883-இல் நுண்கலைப் பள்ளி திறக்கப்படும் முன்னரே, படை அதிகாரிகளான ஓவியர்களின் ஒரு தலைமுறை அங்கு உருவாகிவிட்டிருந்தது.

ஐவசோவ்ஸ்கியின் பொன் மூட்டம்

இஸ்தான்பூலின் அந்தியை உலகறியச் செய்த தூரிகை இவான் ஐவசோவ்ஸ்கியுடையது. ஆர்மீனியப் பெற்றோருக்கு 1817-இல் கிரிமியாவின் பியோதோசியா எனும் துறைமுக ஊரில் பிறந்தவர் அவர். உதுமானியர் ஆட்சியில் கெஃபே என்று வழங்கிய ஊர் அது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கலைக் கழகத்தில் பயின்று, இத்தாலியில் புகழ் பெற்று, 1845-இல் முதன்முறையாக இஸ்தான்பூலைக் கண்டார். மறு ஆண்டிலேயே அந்நகரை அந்தி ஒளியில் ஒன்றும் நிலவொளியில் ஒன்றுமாக இரு பெரிய தைல வண்ண ஓவியங்களைத் தீட்டினார். அந்தி ஓவியம் இன்று ஜார்ஸ்கோயே செலோ அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது.

ஐவசோவ்ஸ்கி முதல் வழியைச் சார்ந்தவர். கடலின் அசைவையும் ஒளியின் மாற்றத்தையும் நேரில் நின்று தூரிகையால் பிடிக்க இயலாது, நினைவாற்றல் இல்லாதவன் இயற்கையின் படியெடுப்பாளனாகவே நின்றுவிடுவான் என்பது அவருடைய உறுதியான கருத்து. இடத்தில் சில கோட்டுக் குறிப்புகளை எடுத்துக்கொண்டு, பியோதோசியாவின் ஓவியக் கூடத்தில் அமர்ந்து தீட்டினார். ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்டு, வண்ணத்தின் உள்ளிருந்தே ஒளி கசிவது போன்ற தோற்றத்தை உண்டாக்குவதில் அவருக்கு நிகரானவர் மிகச் சிலரே.

அவருடைய இஸ்தான்பூல் அந்திகளில் ஒரு பொது அமைப்பைக் காணலாம். ஒளியின் ஊற்று பெரும்பாலும் நமக்கு எதிரே இருக்கிறது. தொடுவானம் தாழ்ந்திருக்க, வானமும் நீரும் திரையின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. குப்பாக்களும் மினாராக்களும் பொன்மஞ்சள் மூட்டத்தில் பாதி கரைந்து நிற்கின்றன. முன்னால் படகுகள், அவற்றில் சிற்றுருவங்களாக மனிதர். கல்லின் கனம் போய்விடுகிறது. ஸுலைமானிய்யாப் பள்ளிவாசல் 1557-இல் எத்தனை ஆயிரம் கைகளின் உழைப்பால் எழுந்தது என்ற எண்ணம் இம்மூட்டத்தின் முன் நமக்குத் தோன்றுவதில்லை. மூட்டம் சற்றுக் கலைந்தால் நகரமும் உடன் கலைந்துவிடுமோ என்றே தோன்றுகிறது.

அழகு மறுக்க இயலாதது. அவ்வழகில் ஒரு தீர்ப்பும் மறைந்திருக்கிறதா என்பதே வினா.

தீர்ப்பு யாருடையது?

1853-இன் தொடக்கத்தில் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கலஸ் பிரிட்டிஷ் தூதருடன் உரையாடுகையில் உதுமானியப் பேரரசை ஒரு நோயாளி என்று குறித்தார். ‘ஐரோப்பாவின் நோயாளி’ என்ற வசை அதிலிருந்து வளர்ந்து உலகெங்கும் பரவியது. ஏழு ஆண்டுகளுக்கு முன் ரஷ்யக் கடற்படையின் அதிகாரபூர்வ ஓவியர் ஒருவர் அப்பேரரசின் தலைநகரைச் சாயும் வெயிலில் தீட்டியிருந்தார் என்பதை இதனோடு சேர்த்துப் பார்ப்போருக்கு முடிவு எளிதாகக் கிட்டிவிடும். எட்வர்ட் சயீத் 1978-இல் வெளியிட்ட ‘ஓரியண்டலிசம்’ நூலுக்குப் பின், கிழக்கைத் தீட்டிய ஒவ்வொரு மேற்கத்தியத் தூரிகையையும் அதே குற்றக் கூண்டில் ஏற்றும் வழக்கம் நம்மிடையேயும் பரவியிருக்கிறது.

இம்முடிவை நாம் ஏற்கத் தயங்குகிறோம். அதற்கு இரு காரணங்கள் உள. முதலாவது, ஐவசோவ்ஸ்கியை வெளியிலிருந்து வந்த அந்நியர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட இயலாது. அப்துல் மஜீத், அப்துல் அஸீஸ், அப்துல் ஹமீத் ஆகிய சுல்தான்கள் அவருக்கு ஓவியப் பணிகள் தந்து பதக்கங்களும் அளித்தனர். தோல்மாபாஹ்சே அரண்மனையின் ஓவியத் தொகுப்பில் அவருடைய படைப்புகள் இன்றும் உள்ளன. அவர் கண்ட கரையோரத்தின் புதிய கட்டடங்கள் பலவும் ஆர்மீனியக் கைவண்ணமே. சுல்தான் இரண்டாம் மஹ்மூதுக்காக 1826-இல் நுஸ்ரதிய்யாப் பள்ளிவாசலைக் கட்டி முடித்தவர் கிரிகோர் பாலியான். தோல்மாபாஹ்சே அரண்மனையை எழுப்பியதும் அதே பாலியான் குடும்பம்தான். கட்டியவரும் தீட்டியவரும் ஒரே சமூகத்தார். வாங்கி மாட்டியவரோ கலீஃபா. இதில் யார் உள்ளார், யார் வெளியார் என்று கோடு கிழிப்பது அவ்வளவு எளிதன்று.

இரண்டாவது காரணம் கலை சார்ந்தது. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1900, 1901 ஆண்டுகளில் தேம்ஸ் ஆற்றின் எதிர்க்கரையில் மருத்துவமனை ஒன்றிலிருந்து லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தைப் பலமுறை தீட்டினார். அங்கும் சூரியன் கட்டடத்தின் பின்னால் சாய்கிறது. கோபுரங்கள் கருநீல நிழலாகின்றன. கல் மூட்டத்தில் கரைகிறது. ஐவசோவ்ஸ்கி இஸ்தான்பூலுக்குச் செய்ததையே மோனே லண்டனுக்குச் செய்தார். ஆயினும் அவ்வோவியங்களைக் கண்டு பிரிட்டிஷ் பேரரசு நோயுற்றது என்று எவரும் கூறவில்லை. லண்டனின் அந்தி ஒளியாக மட்டும் காணப்பட்டது. இஸ்தான்பூலின் அந்தி விதியாக வாசிக்கப்பட்டது. ஆகவே குறை தூரிகையில் இருப்பதைக் காட்டிலும் வாசிப்பில்தான் மிகுதியாக இருக்கிறது.

வருந்தத்தக்கது, அவ்வாசிப்பை நாமும் கற்றுக்கொண்டதே. துருக்கி எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக் 2003-இல் வெளியிட்ட ‘இஸ்தான்பூல்’ நூலில், தம் நகரின் ஆன்மாவாக ‘ஹுஸுன்’ எனும் துயரத்தைக் காண்கிறார். நகரைத் துயரத்தின் அழகாகப் பார்க்கும் அப்பார்வை பிரெஞ்சுப் பயணிகளின் எழுத்திலிருந்து துருக்கியரின் எழுத்துக்குள் வந்து சேர்ந்த வழியையும் அவரே நேர்மையுடன் விளக்குகிறார். ‘ஹுஸ்ன்’ நம் சொல்தான். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு ‘ஆமுல் ஹுஸ்ன்’ என்றே வழங்கப்படுகிறது. ஆனால் அந்தத் துயரத்தில் குடியிருக்குமாறு நமக்குக் கற்பிக்கப்படவில்லை. குகையில் தம் தோழருக்கு நபி (ஸல்) அவர்கள் கூறியது கவலை கொள்ள வேண்டாம் என்பதே (9:40). கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடும் துஆ நம் சிறார்களும் மனனம் செய்வது. துயரம் வரும், அதனை அடையாளமாக அணிந்துகொள்வது வேறு.

மஃரிப் எனும் தொடக்கம்

நம்மிடம் அந்தியை வாசிக்க வேறொரு மொழி இருந்தது. அரபு மொழி, பகலின் பிற்பகுதியை எத்தனை நுட்பமாகப் பகுத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். அஸ்ர் என்பது பிற்பகல். அஸீல் என்பது சூரியன் மறைவதற்கு முந்திய சாய்பொழுது. குரூப் என்பது மறையும் கணம். ஷஃபக் என்பது மறைந்த பின் அடிவானில் எஞ்சும் ஒளி. கஸக் என்பது இருள் அடர்தல். ஓர் ஓவியனின் வண்ணத்தட்டில் வரிசையாக வைக்கத்தக்க ஐந்து தொனிகள் இவை. ‘கரப’ எனும் வேரிலிருந்தே மறைதலும், மேற்கும், ஊரை விட்டு அகன்ற அந்நியனைக் குறிக்கும் ‘கரீப்’ எனும் சொல்லும் பிறக்கின்றன. இன்ஷிகாக் அத்தியாயத்தில் (84:16) அல்லாஹ் ஷஃபக்கின் மீது சத்தியமிடுகிறான். மனிதன் நிலையிலிருந்து நிலைக்கு ஏறிச் செல்வதைப் பற்றிய எச்சரிக்கைக்கே அது முன்னுரையாக அமைகிறது. அங்கு அந்தி ஒளி முடிவின் சின்னமாக அன்று, மாற்றத்தின் சாட்சியாக நிற்கிறது.

நம் சட்ட மேதைகளின் கண் எத்தகையது என்பதற்கும் ஷஃபக் சான்று கூறும். மஃரிபின் நேரம் ஷஃபக் மறைவதோடு முடிந்து இஷாவின் நேரம் தொடங்குகிறது. ஆனால் ஷஃபக் என்பது எந்த நிறம்? இமாம் மாலிக், இமாம் ஷாஃபிஈ, இமாம் அஹ்மத் (ரஹ்) ஆகியோரும், இமாம் அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் அது செந்நிறமே என்றனர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களோ, செம்மை மறைந்த பின்னும் அடிவானில் தங்கும் வெண்மையே ஷஃபக் என்றார்கள். செம்மைக்கும் வெண்மைக்கும் இடையே உள்ள சில நிமிடங்களின் மீது ஒரு ஃபர்ளின் நேரத்தை நிறுத்திப் பார்த்தவர்கள் அவர்கள். மோனே வைக்கோற்போர்களின் முன் செய்த காரியத்தை, தொழுகையின் பொருட்டு அவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அடிவானத்தின் முன் செய்திருந்தனர். நிறம் நேரமாகிறது, நேரம் கடமையாகிறது. இந்த இணைப்புதான் அந்திக்கு நாம் தந்த பொருள்.

இன்னும் ஒன்று. நம் கணக்கில் நாள் அந்தியில் முடிவதில்லை, அந்தியில் தொடங்குகிறது. பிறை பார்ப்பது மஃரிபுக்குப் பின். நோன்புக்கு முந்திய இரவிலேயே தராவீஹ் தொடங்கிவிடுகிறது. வியாழன் மாலை மறைந்ததும் வரும் இரவைத்தான் வெள்ளி இரவு என்று நம் ஊர்களில் சொல்கிறோம். ஐவசோவ்ஸ்கி கண்ட இஸ்தான்பூலில் கடிகாரமே இக்கணக்கில்தான் ஓடியது. சூரியன் மறையும் கணத்தில் மணி 12. அங்கிருந்து இரவின் முதல் மணி தொடங்கும். நாள்தோறும் சூரியாஸ்தமனம் மாறுவதால், பள்ளிவாசல்களை ஒட்டிய ‘முவக்கித்கானா’ எனும் நேரக் கணிப்பு இல்லங்களைப் பார்த்து மக்கள் தம் கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டனர். 1925 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டத்தால் இம்முறை நீக்கப்பட்டு, 1926 தொடக்கம் நள்ளிரவில் தொடங்கும் 24 மணிக் கணக்கு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே, 1921-இல், கவிஞர் அஹ்மத் ஹாஷிம் ‘முஸ்லிம் நேரம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி, கைநழுவிப் போகும் அக்கணக்குக்காக வருந்தினார்.

எனில், ஜார்ஸ்கோயே செலோவில் தொங்கும் ஓவியத்தில் உள்ள பொன்னொளி ஒரு நாளின் கடைசி மூச்சா? அதனைத் தீட்டியவரின் கணக்கில் அவ்வாறு இருக்கலாம். அந்நகரில் வாழ்ந்தவர்களின் கணக்கில் மணி பன்னிரண்டை நெருங்குகிறது. புதிய நாள் ஒன்று பிறக்கப் போகிறது. ரமளானாயின் இன்னும் சற்று நேரத்தில் மினாராக்களுக்கிடையே கயிறு கட்டி விளக்குகளால் எழுத்துகள் அமைக்கும் ‘மஹ்யா’ ஒளிரும். ஒரே ஒளி, இரண்டு நேரங்கள்.

ஒளி விழும் பக்கம்

தமிழக முஸ்லிம்களாகிய நமக்கு இவ்வோவியங்களைப் பார்ப்பதில் ஒரு தனிச் சிக்கலும் உண்டு. நமக்குக் கிப்லா ஏறத்தாழ மேற்கு. மஃரிபில் தக்பீர் கட்டும் நாம் ஷஃபக்கை நோக்கியே நிற்கிறோம். ஆகவே சூரியன் சாயும் திசையில் பள்ளிவாசல் நிற்கும் படத்தைக் கண்டதும், நம்மையறியாமல் அதனைத் தொழுகையின் திசையாக உணர்ந்துவிடுகிறோம். இஸ்தான்பூலில் கிப்லா தென்கிழக்கே உள்ளது. அங்கு அந்தியை நோக்கி நிற்பவர் வேடிக்கை பார்ப்பவர். தொழுபவரின் முகம் வேறு பக்கம் இருக்கிறது. சூரியனை எதிர்நோக்கித் தீட்டிய தூரிகை அந்நகரத்துத் தொழுகையாளியின் திசையில் நிற்கவில்லை என்பது, குற்றச்சாட்டாக அன்று, ஒரு செய்தியாகவே இங்கு குறிக்கத்தக்கது.

மறுதிசையில் நின்றவர்களும் இருந்தனர். போஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையில் உள்ள உஸ்குதாரில் 1858-இல் பிறந்து 1930-இல் அங்கேயே மறைந்தவர் அலீ ரிஸா. ஹர்பிய்யாவில் பயின்று, அங்கேயே நெடுங்காலம் ஓவியம் கற்பித்து, ‘ஹோஜா’ எனும் ஆசான் பட்டத்தைப் பெயரோடு பெற்றவர். அவர் தீட்டியவை பெரும்பாலும் தம் ஊரின் மரவீடுகள், சரிவான தெருக்கள், நீர்த்துறைகள், கல்லறைகளை ஒட்டிய ஸைப்ரஸ் மரங்கள், கடற்கரைப் பாறைகள். பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் தைல வண்ணத்திலும் அவர் விட்டுச்சென்றவை ஏராளம். மனித உருவங்கள் அரிதே. ஆனால் மனிதர் வாழும் அடையாளம் எங்கும் உண்டு. வெளுத்துப்போன பலகை, சாய்ந்த கூரை, கல் தேய்ந்த படி.

ஐவசோவ்ஸ்கிக்கும் ஹோஜா அலீ ரிஸாவுக்கும் உள்ள வேறுபாட்டைத் திறமையால் அளப்பது பயனற்றது. கிரிமியாக்காரரின் வானம் உஸ்குதார் ஆசானுக்கு வாய்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் நமக்குத் தடையில்லை. வேறுபாடு ஒளியின் பக்கத்தில் இருக்கிறது. முன்னவர் ஒளியைப் பார்த்தார். பின்னவர் ஒளி எதன்மேல் விழுகிறது என்பதைப் பார்த்தார். ஒளிக்கு எதிரே நிற்கும் நகரம் நிழலுருவாகிறது. நிழலுருவுக்குக் கதவும் சன்னலும் இல்லை. ஒளியை முகத்தில் ஏற்கும் நகரத்தில் ஒவ்வொரு பலகையும் தெரிகிறது. மேற்கே சாயும் வெயில் உஸ்குதாரின் மேற்குநோக்கிய சன்னல்களில் பட்டு எரிவதை, எதிர்க்கரையில் ஜிஹான்கீர் மேட்டிலிருந்து கண்டு யஹ்யா கமால் (1884–1958) ‘கனவு நகரம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு கவிதை பாடியதும் இப்பார்வையைச் சார்ந்ததே. எளியோரின் கண்ணாடிச் சன்னலும் அவ்வேளையில் அரண்மனைச் சன்னலுக்கு நிகராகிவிடுகிறது. அந்தி ஒளியில் அறம் என்று ஒன்று உண்டெனில் அது இதுவே: அது ஏழை, செல்வர் என்று பார்த்து விழுவதில்லை.

பொன் மறைப்பது

இதுவரை கூறியவற்றால், வெளியாரின் பொன் மூட்டத்தை விலக்கி நம் பெருமையை மீட்டுவிட்டோம் என்று எண்ணி மகிழ்வதற்கில்லை. பொன் மூட்டம் நம்மையும் மயக்குகிறது. அழிந்த பேரரசின் மீது இரக்கம் கொள்வோருக்கு அது மாலை. அப்பேரரசைப் பொற்காலம் என்று போற்றுவோருக்கோ அது பொன். இரு சாராரும் ஒரே படத்தைத் தம் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். 2012-இல் லண்டன் ஏலம் ஒன்றில் ஐவசோவ்ஸ்கியின் 1856-ஆம் ஆண்டு இஸ்தான்பூல் காட்சி 32 லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. அம்மூட்டத்தின் மீதுள்ள ஆசை இன்னும் குறையவில்லை.

அம்மூட்டத்தின் உள்ளே இருந்தவர்கள் யார்? அதனைத் தீட்டியவரின் வாழ்க்கையே விடை தருகிறது. 1894 முதல் 1896 வரை உதுமானிய நாட்டில் ஆர்மீனியர் பெருந்திரளாகக் கொல்லப்பட்டனர். 1896 ஆகஸ்டில் இஸ்தான்பூலின் தெருக்களிலேயே அது நிகழ்ந்தது. அரை நூற்றாண்டு அந்நகரைப் பொன்னால் பூசிய முதியவர், அப்படுகொலைகளையும் தீட்டினார். சுல்தான்கள் அளித்த பதக்கங்களைப் பியோதோசியாவின் கடலில் எறிந்துவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். 1900-இல் அவர் மறைந்தபோது ஓவியச் சட்டத்தில் முடிவுறாமல் நின்றது, துருக்கிக் கப்பல் ஒன்று வெடித்துச் சிதறும் காட்சி. அந்தியில் தொடங்கிய உறவு தீயில் முடிந்தது.

இதனை நாம் மறைத்துவிட்டு அவருடைய அந்தியை மட்டும் ரசிக்க இயலாது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை நீதி செலுத்தாதிருக்க உங்களைத் தூண்டிவிட வேண்டாம் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது (5:8). நம் அரசர்கள் என்று நாம் உரிமை கொண்டாடுவோரின் காலத்தில் நடந்ததையும் அக்கட்டளையின் முன் நிறுத்தியே பார்க்க வேண்டும். நகரத்தை நிழலுருவாகப் பார்த்துப் பழகிய கண், அதன் குடிகளுக்கு நேர்ந்ததையும் காணாமல் போகும். இது வெளியாரின் கண்ணுக்கு மட்டும் உரிய குறையன்று.

இக்குறை நம் அச்சகங்களில் நாள்தோறும் நிகழ்கிறது. நம் நாட்காட்டிகளையும், இஃப்தார் அழைப்பிதழ்களையும், மீலாது மலர்களின் அட்டைகளையும் எடுத்துப் பாருங்கள். செம்மஞ்சள் வானம், அதன்முன் கறுப்பு நிழலாக ஒரு குப்பா, ஒரு மினாரா, மேலே ஒரு பிறை. நம்மைப் பற்றி அஞ்சி எழுதும் ஆங்கில நூல்களின் அட்டைகளிலும் இதே படம்தான். நம்மைப் போற்றுவோரும் பழிப்போரும் ஒரே நிழலுருவைப் பயன்படுத்துகின்றனர் எனில், அந்நிழலுரு நம்மைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதே பொருள். அப்பள்ளிவாசலுக்கு ஹவ்ள் இல்லை. செருப்பு வரிசை இல்லை. தாமதமாக ஓடிவரும் சிறுவன் இல்லை. கூலி முடித்து முகம் கழுவ வந்த தொழிலாளி இல்லை. மஃரிபுக்கு உரியவர் எவரும் அங்கே இல்லாமல், மஃரிபின் வானம் மட்டும் இருக்கிறது.

நம் இளைஞர் சிலர் இன்று ஓவியக் கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களுள் எவரேனும் தம் ஊரை, காயல்பட்டினத்தையோ கீழக்கரையையோ நாகூரையோ, அந்தி ஒளியில் தைல வண்ணத்தில் தீட்ட முனைவாராயின், அவருக்கு நாம் கூற விழைவது இதுவே. ஐவசோவ்ஸ்கியிடம் வானத்தைக் கற்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. உஸ்குதார் ஆசானிடம் சுவரைக் கற்க வேண்டும். ஷஃபக்கின் செம்மைக்கும் வெண்மைக்கும் உள்ள இடைவெளியை நம் இமாம்களிடம் கற்க வேண்டும். உயிருருவம் வரைவதில் தயக்கம் உடையோர் மனிதரை வரையாமலே மனிதர் இருப்பைக் காட்ட இயலும். ஏற்றப்படாத விளக்கு, ஈரம் காயாத படி, பாதி திறந்த கதவு ஆகியவை அதற்குப் போதும். அப்படித் தீட்டப்பட்ட அந்தியின் முன் நிற்பவர், ஒரு நாள் முடிந்துவிட்டதே என்று பெருமூச்சு விடமாட்டார். பாங்கு ஒலிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்றே கேட்பார்.